கண் ஓடும் தூரம்

என் அப்பாவின் கையெழுத்தில் நான் அதிகம் வாசித்த சொல் 'டோர் லாக்'.

அப்பா தெற்கே ஒரு பேரூராட்சியில் பில் கலெக்டராக இருந்தார். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம் இரண்டும் அவர் பொறுப்பு. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு இருக்கும். யார் கட்டினார்கள், யார் அடுத்த மாதம் என்று சொன்னார்கள், யார் வீட்டுக் குழாயைத் துண்டிக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் பென்சிலில் கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அதைப் பெரிய தாளில் பார்த்து எழுதித் தருவது என் வேலை. ஏழாம் வகுப்பில் என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும், அதனால் கிடைத்த தண்டனை. துண்டிப்புப் பட்டியலில் பாதி வீடுகளுக்கு நேராக 'டோர் லாக்' என்றிருக்கும். வீடு பூட்டியிருந்தது, நோட்டீஸைக் கையில் கொடுக்க முடியவில்லை, ஆகவே குழாயைத் தொடவில்லை என்று அர்த்தம்.

அதில் ஒரு வீட்டில்தான் அந்த வாரம் முழுக்க நான் கேரம் விளையாடிக்கொண்டிருந்தேன்.

"அவங்க வீடு பூட்டவே இல்லியேப்பா" என்றேன்.

"தெரியும்டா. உள்ளதான் இருந்தாங்க. நோட்டீஸ நீட்டலாம்னு போனா, வெயில்ல வந்துருக்கீங்களேன்னு அந்தம்மா ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. அதக் குடிச்சிட்டு அந்தத் தண்ணியவே எப்படி நிறுத்துறது? நீ எழுது."

எழுதினேன். அப்பா செய்ததற்குத் தமிழில் ஒரு பெயர் இருக்கிறது என்பதும், அந்தப் பெயரை நான் ஏற்கெனவே பள்ளிக்கூடக் கட்டுரைகளில் வேறெதற்கோ பயன்படுத்திக்கொண்டிருந்தேன் என்பதும் தெரிய இன்னும் பல வருடங்கள் ஆயின.

*

அந்தச் சொல் 'கண்ணோட்டம்'. திருக்குறளின் 58ஆவது அதிகாரம்.

கல்லூரியில் இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தச் சொல் ரொம்பப் பழக்கம். மார்க்சியக் கண்ணோட்டத்தில், பெண்ணியக் கண்ணோட்டத்தில், பின்நவீனத்துவக் கண்ணோட்டத்தில். ஒரு கருத்தரங்கக் கட்டுரை என்றால் தலைப்பில் ஒருமுறையாவது அது வந்தாக வேண்டும். இந்தப் பழக்கத்தோடுதான் நான் அந்த அதிகாரத்துக்குள் போனேன். அரசியல் என்ற இயலுக்குள் இருக்கிறது, ஆகவே அரசனுக்குச் சரியான பார்வைக்கோணம் வேண்டும் என்று வள்ளுவர் சொல்கிறார்போல என்று நினைத்துக்கொண்டேன். வாசித்தால் எதுவும் ஒட்டவில்லை. கண்ணோட்டம் இல்லாத கண் வெறும் புண் என்கிறார். அது இல்லாதவர்கள் மண்ணில் ஊன்றி நிற்கும் மரத்துக்குச் சமம் என்கிறார். பாட்டோடு சேராத பண்ணால் என்ன பயன், கண்ணோட்டம் இல்லாத கண்ணால் என்ன பயன் என்று கேட்கிறார். பார்வைக்கோணம் இல்லாததற்கு இவ்வளவு கோபமா?

பரிமேலழகர் உரையைத் திறந்த பிறகுதான் விளங்கியது. தன்னோடு பழகியவர்களை நேரில் கண்டால் அவர்கள் கேட்பதை மறுக்க முடியாமல் போவது, அதுதான் கண்ணோட்டம் என்கிறார் அவர். கண் அவர்கள்மேல் போவதால் நிகழ்வது, அதனால் அந்தப் பெயர். அதாவது, பிற்காலத்தில் நாம் தாட்சண்யம் என்று சொன்ன சமாச்சாரம்.

சொல்லைப் பிரித்துப் பார்த்தால் ஒரு மர்மமும் இல்லை. கண், ஓட்டம். ஆனால் அந்த 'ஓடு' என்ற வினையில் கொஞ்ச நேரம் நிற்கலாம். பார்ப்பது நான் செய்யும் வேலை. நோக்குவது இன்னும் கவனமாக நான் செய்யும் வேலை. கண் ஓடுவது அப்படி இல்லை. கதவைத் திறந்ததும் நம் கைக்கு அகப்படாமல் தெருவுக்கு ஓடிவிடும் பிள்ளை மாதிரி, நான் முடிவெடுப்பதற்கு முன்னால் கண் எதிராளியிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நோட்டீஸை எடுக்க அப்பாவின் கை பைக்குள் போவதற்குள் அவர் கண் சொம்புக்குப் போய்விட்டது. இரக்கப்பட வேண்டும் என்று அவர் முடிவெடுக்கவே இல்லை. உடம்பு முந்திக்கொண்டது.

இன்றைய கண்ணோட்டத்தில் எதுவும் ஓடுவதில்லை. 'என் கண்ணோட்டத்தில்' என்று சொல்லிப் பாருங்கள். அந்த 'இல்' வேற்றுமையைக் கவனியுங்கள். அது ஒரு இடம். நான் நிற்கிற மேடு. அங்கிருந்து உலகம் எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். வள்ளுவரின் கண்ணோட்டத்துக்கு எதிரே ஒரு ஆள் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் கண் ஓட இடமில்லை. இன்றைய கண்ணோட்டத்துக்கு நான் மட்டும் போதும். இரண்டும் ஒரே எழுத்துகள், ஒரே ஒலி, திசை மட்டும் தலைகீழ்.

*

இங்கே ஒரு எச்சரிக்கையை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொல்லின் வேரைக் கண்டுபிடித்த உற்சாகத்தில் "இதுதான் உண்மையான அர்த்தம், நீங்களெல்லாம் தப்பாகப் பேசுகிறீர்கள்" என்று கிளம்புகிற ஆட்களை நமக்குத் தெரியும். வாட்சப்பில் தினம் வருவார்கள். அது நேர்மையான வேலை இல்லை. ஒரு சொல் எங்கே பிறந்தது என்பது வேறு, இன்று அது யாரோடு குடித்தனம் நடத்துகிறது என்பது வேறு. வள்ளுவர் காமத்துப்பாலில் மொட்டுக்குள் அடங்கியிருக்கும் 'நாற்ற'த்தைக் காதலியின் சிரிப்புக்குள் மறைந்திருக்கும் குறிப்புக்கு உவமையாக்குகிறார். அவருக்கு அது நறுமணம். அதற்காக இன்றைக்கு ஒரு பெண்ணிடம் போய் உன் தலையில் வைத்திருக்கும் மல்லிகை நாறுகிறது என்று சொல்லி, கேட்டால் குறளைக் காட்ட முடியுமா?

ஆகவே கண்ணோட்டத்தைப் பழைய அர்த்தத்துக்குத் திருப்பி அழைத்து வர வேண்டும் என்று எனக்கு ஆசையில்லை. எனக்கு இருக்கிற சந்தேகம் வேறு. ஒரு சொல்லுக்குள் ஆயிரம் வருடத்துக்கும் மேலாகக் குடியிருந்த ஒரு குணம், சொல் கைமாறியதும் எங்கே போயிற்று? ஆவியாகிவிட்டதா?

இல்லை. எழுத்திலிருந்து வெளியேறிப் பேச்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருக்கிறது. காய்கறிக் கடையில் "பாத்துப் போடுங்கண்ணே" என்கிறோமே, அங்கே. தராசைப் பார்த்துப் போடச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துப் போடச் சொல்கிறோம். ஆட்டோக்காரர் வாடகையைச் சொல்லாமல் "பாத்துக் குடுங்க" என்கிறபோது அவர் என் கண்ணை நம்பி ஒரு சூதாட்டம் ஆடுகிறார். கருணை இல்லாதவரைக் "கண்ணு இருக்கா இல்லியா ஒனக்கு?" என்று கேட்கிறோம். நெடுநாள் கஷ்டம் தீர்ந்தால் "சாமி கண்ணத் தெறந்துருச்சு". மலையாளத்தில் கல்நெஞ்சுக்காரரைக் கண்ணில் சோர, அதாவது கண்ணில் ரத்தம், இல்லாதவர் என்பார்கள். புறங்கூறாமை அதிகாரத்தில் வள்ளுவரே இந்தப் பேச்சுவழக்குக்குப் பக்கத்தில் வருகிறார். ஒருவன் முகத்துக்கு நேரே இரக்கமில்லாமல் பேசுவதை அவர் 'கண் அற'ப் பேசுவது என்கிறார். கண் அறுந்து போய்ப் பேசுவது. எங்கள் ஊர்ச் சண்டையில் காதில் விழுந்த மாதிரியே இருக்கிறது.

இன்னும் ஒரு சொல்லையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும், அது இந்த அதிகாரத்தின் கடைசிக் குறளில் வருகிறது: நாகரிகம். பழகியவர் தன் கண்முன்னே நஞ்சை ஊற்றினாலும் குடித்துவிட்டு அமைதியாக இருப்பவர்கள் யாரென்றால் நாகரிகத்தை விரும்புகிறவர்கள் என்கிறார். நற்றிணை 355ஆம் பாட்டிலும் இதே நஞ்சு, இதே நாகரிகம். நகரத்தில் பிறந்த வடசொல் அது. இன்று சிந்துவெளிக்கும் கிழிந்த ஜீன்ஸுக்கும் ஒரே சமயத்தில் பொருந்துகிறது. ஆனால் பரிமேலழகர் அந்த இடத்தில் நாகரிகத்துக்கு எழுதும் பொருள், கண்ணோட்டம் என்பதுதான். நாகரிகமானவன் என்றால் முகத்தை முறித்துக்கொள்ள முடியாதவன். நஞ்சு விஷயத்தில் வள்ளுவர் கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டார் என்றுதான் எனக்கு எப்போதும் தோன்றும். ஆனாலும் அந்த மிகையில் ஒரு பயமுறுத்தல் இருக்கிறது. முகத்துக்கு அஞ்சுகிற குணம் ஒருவனை எங்கே வரைக்கும் கொண்டுபோய் விடும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

*

பேச்சுக்குள் போன கண்ணோட்டம் அங்கே சுத்தமாக இருக்கிறதா என்றால் அதுவும் இல்லை.

"கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க சார்." இதை அரசு அலுவலக வாசலில் கேட்டால் அர்த்தம் வேறு. "ஒங்களக் கவனிச்சுக்குறேன்" என்றால் இன்னும் தெளிவு. "இத நீங்க கண்டுக்காதீங்க" என்றால் முடிந்தது. பார், கவனி, கண்டுகொள். கண்ணைச் சுற்றிய அத்தனை வினைகளும் தமிழில் சலுகைக்கும் லஞ்சத்துக்கும் இடையில் போய்வந்துகொண்டிருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மொழி ஒரு சுவர் எழுப்பவில்லை. எழுப்ப முடியாது என்றுகூடச் சொல்லலாம். சொம்புத் தண்ணீரும் கவரில் வைத்த ரூபாயும் ஒன்றில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு 'டோர் லாக்' எழுதிய இன்னொரு பில் கலெக்டரின் தாளும் அப்பாவின் தாளும் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும்.

வள்ளுவருக்கு இது தெரியாதா? கண்ணோட்டம் அதிகாரத்துக்கு மூன்று அதிகாரம் முன்னால், 55ஆவதாக, செங்கோன்மை இருக்கிறது. அதன் முதல் குறளிலேயே, குற்றத்தை ஆராய்ந்து, யார்மேலும் 'கண்ணோடாது', நடுநிலையில் நின்று செய்வதுதான் முறை என்கிறார். அதே கண், அதே ஓட்டம், எதிர்மறையில். 541ஆம் குறளில் கண் ஓடக்கூடாது. 575ஆம் குறளில் ஓடாத கண் புண்.

இதை முதலில் கவனித்தபோது, அய்யனை மாட்டிவிட்டோம் என்று ஒரு மாணவச் சந்தோஷம் வந்தது. பிறகு மெல்ல மெல்லத் தோன்றியது, இது மறதியில் வந்த முரண் இல்லை, ஒரு வேலையைச் செய்கிறவனுக்குள் இருந்தே தீரும் முரண். 578இல் இதை அவரே தொட்டுவிட்டுப் போகிறார். காரியம் கெடாமல் கண்ணோட வல்லவர்களுக்கு உலகம் சொந்தம் என்கிறார். 'வல்லார்' என்ற சொல்லைத்தான் நான் பார்க்கிறேன். நல்லவர்கள் என்று அவர் சொல்லவில்லை. இது ஒரு திறமை, கயிற்றில் நடப்பது மாதிரி. எல்லாராலும் முடியாது. எப்படி நடப்பது என்றும் அவர் சொல்லித் தரவில்லை.

பரிமேலழகர் வைத்திருக்கும் இன்னொரு வேலியும் இங்கே முக்கியம். அருளுடைமைக்கு அவர் விளக்கம் எழுதும்போது, தொடர்பு என்பதைப் பார்க்காமல் எல்லா உயிர்மேலும் இயல்பாகப் போகிற கருணை என்கிறார். அது துறவறத்தில் இருக்கிறது. கண்ணோட்டமோ பழகியவர்கள்மேல் போவது. அது அரசனுக்கு, அதிகாரிக்கு, பில் கலெக்டருக்கு. துறவிக்கு எல்லாரும். உத்தியோகஸ்தனுக்குத் தெரிந்த முகங்கள். அதுவாவது இருக்கட்டுமே என்கிற யதார்த்தம் அதில் இருக்கிறது. ஆனால் நம் ஊர்களில் யார் யாரோடு பழகுகிறார்கள் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

*

எங்கள் ஊரில் அதை ரயில்வே கேட் முடிவு செய்தது. கேட்டுக்கு இந்தப் பக்கம் பழைய தெருக்கள். அந்தப் பக்கம் காலனி. அந்தப் பக்கத்தில் எங்கள் சாதி வீடு ஒன்றுகூடக் கிடையாது. அந்தப் பக்கத்துப் பையன்கள் என் வகுப்பில் இருந்தார்கள், நான் அவர்கள் வீட்டில் கேரம் விளையாடியதில்லை. இதையெல்லாம் யோசிக்கிற வயதும் இல்லை. யோசிக்காமல் இருப்பது எங்களுக்கு வசதியாகவும் இருந்தது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு நாள் காலையில் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தார். இடுப்பில் காலிக் குடம். வாசல்படிக்குக் கீழே தெருவிலேயே நின்றுகொண்டார். அப்பா பனியனோடு வெளியே போனார்.

"மேலத் தெருவுல ஆறு மாசம் பாக்கி வச்சவுக வீட்ல தண்ணி வருது. எனக்கு மூணு மாசம்தான். அவுக வீடெல்லாம் பூட்டிருக்குன்னு எழுதுறீகளாமே. என் வீடு மட்டும் எப்படிங்க எப்பப் பாத்தாலும் தெறந்தே கெடக்கு?"

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரி கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அம்மா உள்ளே இருந்து வந்து, "குடத்தக் குடு, புடிச்சுத் தாரேன்" என்றார். அந்தப் பெண் அம்மாவைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார், குடத்தைக் கொடுக்காமல் திரும்பிப் போய்விட்டார்.

அப்பாவுக்குக் கண்ணோட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவரிடம் அது நிறையவே இருந்தது. ஆனால் கண் ஓடுவதற்கும் பாதை வேண்டியிருக்கிறது. அந்தப் பாதையை அவருக்கு முன்னாலேயே யாரோ போட்டு வைத்துவிட்டார்கள். அது கேட்டுக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது. அவர் அந்தப் பக்கம் யாரையும் வெறுத்தது கிடையாது. அங்கே யாரும் அவருக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்திருக்க மாட்டார்கள், கொடுக்கலாம் என்று அவர்களும் நினைத்திருக்க மாட்டார்கள், கொடுத்தால் அவர் குடித்திருப்பாரா என்பது எனக்கு இன்னும் கேட்கத் துணிச்சல் வராத கேள்வி.

*

அப்படியானால் கண்ணைக் கட்டிவிடுவதுதான் தீர்வா? நீதி தேவதைக்கு அதைத்தான் செய்து வைத்திருந்தார்கள். எதிரே நிற்பவர் யார் என்று தெரியாமல் தராசை மட்டும் பிடி. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தின் நீதிபதிகள் நூலகத்தில் வைத்த புதிய சிலை செய்தியானது. கண்கட்டு இல்லை. வாளுக்குப் பதில் கையில் அரசியல் சாசனம். சிலர் கொண்டாடினார்கள், சிலர் கிண்டல் செய்தார்கள். எனக்கு அந்தப் படத்தைப் பார்த்ததும் 541ஆம் குறள்தான் ஞாபகம் வந்தது. வள்ளுவர் கண்ணைக் கட்டச் சொல்லவில்லை. திறந்த கண்ணை ஓடவிடாமல் பிடித்துக்கொள் என்கிறார், அது இன்னும் கஷ்டம்.

மனுநீதிச் சோழன் கதையையும் வழக்கமாக நாம் ஓடாத கண்ணின் கதையாகத்தான் சொல்கிறோம். கண்ணகி பாண்டியன் அவையில் தன் ஊர்ப் பெருமையைச் சொல்லும்போது முதலில் எடுப்பது அந்தக் கதையைத்தான், அல்லது கிட்டத்தட்ட முதலில். பெற்ற மகனைக்கூடப் பார்க்காதவன். ஆனால் கொஞ்சம் மாற்றி வாசித்தால் அவன் கண் ஓடியிருக்கிறது. மகனிடம் போகவில்லை, மாட்டின் கண்ணீருக்குப் போய்விட்டது. அவனோடு எந்தப் பழக்கமும் இல்லாத, பேசத் தெரியாத, அவனிடம் எதையும் கேட்டுப் பெற முடியாத ஒன்றிடம். அந்தக் கதையில் எனக்கு மகனைக் கொன்ற பகுதி பிடிக்கவே பிடிக்காது. மணியின் சத்தம் கேட்டு வெளியே வந்து பார்த்தான் என்பதுவரை பிடிக்கும்.

*

இப்போது என் கதைக்கு வர வேண்டும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

நான் சென்னையில் ஒரு நிதி நிறுவனத்தில் கலெக்‌ஷன் பிரிவில் இருக்கிறேன். அப்பா பார்த்ததும் தண்டல், நான் பார்ப்பதும் தண்டல். ஆனால் நான் யார் வீட்டு வாசலுக்கும் போவதில்லை. என் முன்னால் ஒரு திரை. கடன் எண், பெயர், பாக்கித் தொகை, தவணை தவறி எத்தனை நாள், பின்கோடு. 90 நாள் தாண்டினால் அது வாராக்கடன், ரிசர்வ் வங்கியின் கணக்கு அது. 90ஐ நெருங்குகிற வரிசைகளை வடிகட்டி, அடுத்த பிரிவுக்கு அனுப்புவது என் வேலை. அதற்குப் பிறகு போன் போகும், ஆள் போகும், சில சமயம் வண்டி திரும்பி வரும். ஒரு மத்தியானத்தில் நானூறு வரிசைகளை அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறேன். எனக்குப் பசி குறைந்ததில்லை. நான் கொடுமைக்காரன் இல்லை. கண் ஓட அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். சாதியும் தெரியாது, தெருவும் தெரியாது. அந்த வகையில் அப்பாவின் நோட்டைவிட என் திரை நியாயமானது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பின்கோடு என்று ஒரு கட்டம் எதற்கு இருக்கிறது என்று மட்டும் நான் யாரையும் கேட்டதில்லை.

போன மாதம் எங்கள் ஊர்ப் பின்கோடு வந்தது. அதற்கு நேராக ஒரு பெயர். கேரம் போர்டு வீட்டுக்காரர். லோடு ஆட்டோவுக்கு வாங்கிய கடன். 84 நாள்.

கை நின்றுவிட்டது. அந்த வீட்டுத் திண்ணை, போர்டில் தூவிய பவுடர் வாசம், உள்ளே இருந்து அந்த அம்மா போடுகிற சத்தம் எல்லாம் வந்துவிட்டது. எங்களுக்கு 15 நாள் நிறுத்தி வைக்கிற அதிகாரம் உண்டு. காரணத்தைச் சும்மா எழுத முடியாது, ஒரு பட்டியலில் இருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். தெரிந்தவர் என்று அதில் ஒன்று கிடையாது. 'வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள இயலவில்லை' என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அழுத்திய பிறகுதான் உறைத்தது, நான் எழுதியது 'டோர் லாக்'.

அதற்கு அடுத்த வரிசையும் அதே பின்கோடு. தெரியாத பெயர், ஒரு பெண். 83 நாள். பாக்கியும் குறைவு. அந்த வரிசையை என்ன செய்தேன் என்று ஞாபகமே இல்லை. ஞாபகம் இல்லை என்றால் அனுப்பிவிட்டேன் என்று அர்த்தம்.

அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற்றுப் பல வருடம் ஆகிறது. கேரம் வீட்டுக்காரர் விஷயத்தைச் சொல்லவில்லை. குடத்தோடு வந்த அந்த அம்மாவை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"ஏன் இல்லாம?"

"அதுக்கப்புறம் என்னப்பா பண்ணீங்க?"

"என்ன பண்றது. டோர் லாக்னு எழுதுறத விட்டுட்டேன். கேட்டுக்கு இந்தப் பக்கமும் வெட்டுனேன், அந்தப் பக்கமும் வெட்டுனேன். ரூல்னா ரூல்."

"அந்தம்மா வீட்டு கனெக்‌ஷன?"

"அது பாக்கியக் கட்டுன பெறவுதான் குடுத்தேன். எல்லாருக்கும் அப்படித்தானே."

எனக்கு இதெல்லாம் தெரியாது. ஒன்பதாவதிலிருந்து நான் அவருக்கு எழுதித் தருவதை நிறுத்தியிருந்தேன், டியூஷன் வந்துவிட்டது.

"நம்ம தெருவுல ஒண்ணும் சொல்லலியா?"

"சொன்னாங்க. கண்ணுல ஈரம் இல்லாதவன்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும்." அப்புறம் அவராகவே தொடர்ந்தார். "ஆனா ஒண்ணு. அதுக்கப்புறம் யார் வீட்லயும் தண்ணி வாங்கிக் குடிக்கல. வெயிலா இருந்தாலும் பையில பாட்டில் எடுத்துட்டுப் போயிருவேன். குடுத்தா, வேணாம்மான்னு தெருவுலயே நின்னுக்குவேன்."

ரிட்டயர் ஆகும் வரைக்குமா என்று கேட்டேன். ஆமாம் என்றார். பதினோரு வருடம்.

இந்தத் திங்கட்கிழமை அந்த 15 நாள் முடிந்தது. கேரம் வீட்டுக்காரர் இரண்டு தவணை கட்டியிருந்தார், வரிசை பச்சையாகிவிட்டது. அதன் கீழே இருந்த அந்தப் பெண்ணின் பெயரைத் தேடினேன். பட்டியலில் இல்லை. கட்டிவிட்டாரா, வண்டியைத் தூக்கிவிட்டார்களா, என் திரையில் தெரியாது. அது வேறொரு டீமின் திரையில் இருக்கும். அந்த டீமில் எனக்கு யாரையும் பழக்கமில்லை. மூன்றாவது மாடி. டீ இடைவேளையில் மேலே போய்க் கேட்டால் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், கடன் எண் இருந்தால். அதை நான் குறித்து வைத்துக்கொள்ளவில்லை.